அத்தியாயம் 7: ட்யூப்லெஸ் சக்கரத்துக்குக் கம்பியும் நிப்பிளும்

ட்யூப் போட்ட சக்கரத்தில் ஒரு நிப்பிள் உடைந்தால் அது பத்து நிமிட வேலை. டயரின் ஒரு பக்கத்தைப் பிரித்து, ட்யூபை உருவி, ரிம் நாடாவை ஒதுக்கினால் நிப்பிளின் தலை கண்ணுக்குத் தெரியும். புதியதைப் போட்டு, கோட்டம் எடுத்து, மூடிவிடலாம். அதே நிப்பிள் ட்யூப்லெஸ் சக்கரத்தில் உடைந்தால் கதை வேறு. டயரைப் பிரித்ததும் சீலன்ட் கை, தரை எல்லாம் வழியும். காற்றுப் புகாமல் ஒட்டியிருக்கும் டேப்பை உரிக்க வேண்டும். உரித்த டேப் மறுபடி ஒட்டாது. புது டேப், புது சீலன்ட், டயரை மறுபடி உட்காரவைக்கும் பாடு என்று அரை நாள் போய்விடும்.

இந்த அத்தியாயத்தில் சொல்லும் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருவதுதான். ட்யூப்லெஸ் சக்கரத்தில் நிப்பிளை நாம் புதைக்கிறோம். பல மாதங்களுக்கு அதைப் பார்க்கப்போவதில்லை. பார்க்காமலே நம்பக்கூடிய பொருளாக எடுக்க வேண்டும், புதைப்பதற்கு முன்பே வேலையை முழுதாக முடித்துவிட வேண்டும்.

இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றேன். எடை குறையும் என்று என் பின் சக்கரத்துக்குக் கறுப்பு அலுமினிய நிப்பிள் போட்டேன். வால்வுக்குப் பக்கத்தில் டேப் ஒரு மில்லிமீட்டர் விலகி ஒட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. அந்த இடுக்கு வழியாகச் சீலன்ட் துளித்துளியாக ரிம்முக்குள் இறங்கியிருக்கிறது. அடுத்த மழைக்காலம் முடிந்து, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டச் சரிவொன்றில் இறங்கும்போது சக்கரம் ஆட ஆரம்பித்தது. 32 நிப்பிளில் மூன்றின் தலை துண்டாகியிருந்தது. மற்றவற்றைச் சாவியால் தொட்டதும் வெள்ளைப் பொடி உதிர்ந்தது, சில அப்படியே நொறுங்கின. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

நமக்கு ட்யூப்லெஸ் தேவைப்படுவதற்கான காரணம் முள். சீமைக்கருவேல முள் குத்தினால், துளை பெரிதாகும் முன்பே சீலன்ட் அதை அடைத்துவிடும். அதைவிடப் பெரிய லாபம் காற்றழுத்தத்தில் இருக்கிறது. ட்யூப் இருந்தால் காற்றைக் குறைக்கப் பயம். கல்லில் மோதும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பக்கத்துக்கொன்றாக ஓட்டை விழும். ட்யூப் இல்லையென்றால் 20 முதல் 25 பி.எஸ்.ஐ. வரை தைரியமாக இறக்கலாம். டயர் வேரிலும் பாறையிலும் ஒட்டிப் படியும்.

மலைச் சைக்கிளுக்கு இந்த முறை முதலில் வந்தபோது, 1999-இல் பிரான்சின் மாவிக் நிறுவனம் யு.எஸ்.டி. என்ற பெயரில் கொண்டுவந்த ரிம்மில் டேப்பே கிடையாது. ரிம்மின் மேல் சுவரில் கம்பிக்கான துளையே போடவில்லை; நிப்பிளை வெளியிலிருந்தே ரிம்முக்குள் மரை போட்டுத் திருகினார்கள். அருமையான யோசனைதான், ஆனால் விலையும் கூடுதல், அதற்கென்றே தனி நிப்பிளும் வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஸ் நோட்யூப்ஸ், சாதாரணத் துளை போட்ட ரிம்மையே டேப்பும் சீலன்டும் கொண்டு காற்றுப் புகாமல் ஆக்கலாம் என்ற வழியைப் பரப்பியது. இன்று நாம் கட்டுவது பெரும்பாலும் அந்த வழிதான். ரிம்மும் நிப்பிளும் எளிதாகக் கிடைக்கின்றன. அதற்கு நாம் கொடுக்கும் விலை, டேப்புக்கு அடியில் மறைந்துகிடக்கும் 32 துளைகள்.

கம்பி: தடிமன் பலமல்ல

நம் வீட்டில் நின்ற ரோட்ஸ்டர் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 கம்பி. தலையிலிருந்து மரை வரை ஒரே தடிமன். நெல் மூட்டையும் சுமந்தது, மூன்று பேரையும் சுமந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தடித்த கம்பிதான் பலம் என்று தோன்றுவது இயல்பு. மலைச் சைக்கிள் கட்ட வருபவரிடம் நான் முதலில் மாற்றப் பார்ப்பது இந்த எண்ணத்தைத்தான்.

கம்பி பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. ஹப்பில் மாட்டும் வளைவில், அல்லது நிப்பிளுக்குள் நுழையும் மரையில்தான் ஒடிகிறது. ஒரே அடியில் ஒடிவதும் அரிது. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் தரையைத் தொடும் இடத்துக் கம்பிகள் சற்றுத் தளர்கின்றன, மேலே போனதும் மறுபடி இறுகுகின்றன. லட்சக்கணக்கான முறை தளர்ந்து இறுகி, உலோகம் சோர்ந்து ஒடிகிறது. ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் வெளியிட்ட ‘தி பைசைக்கிள் வீல்’ என்ற நூல் இதைக் கணக்கோடு விளக்கியது. சக்கரம் கட்டுகிறவர்கள் இன்றும் அந்த நூலிடம்தான் போகிறார்கள்.

இனி எண்களைப் பாருங்கள். 290 மி.மீ. நீளமுள்ள எவர்சில்வர் கம்பியை 110 கிலோ இழுவையில் இறுக்கினால், முழுக்க 2 மி.மீ. தடிமன் உள்ளது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். நடுப்பகுதி 1.8 மி.மீ. ஆக மெலிந்தது 0.6 மி.மீ. நீளும். நடு 1.5 மி.மீ. உள்ளது 0.9 மி.மீ. நீளும். கல்லில் ஏறும்போது ரிம் கால் மில்லிமீட்டர் உள்ளே அமுங்கியது என்று வையுங்கள். தடித்த கம்பி தன் இறுக்கத்தில் பாதியை இழந்துவிடும். மெல்லியது கால் பங்குக்குச் சற்று மேல்தான் இழக்கும். முழுக்கத் தளர்ந்த கம்பி வளைவில் ஆடும், அதன் நிப்பிளும் தானாகத் திருகிக் கழலும். நடு மெலிந்த கம்பியில் அந்த ஆட்டம் வளைவுக்குப் போகாமல் நடுவிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு முனைகளிலும் 2 மி.மீ. இருப்பதால் ஒடியும் இடங்களில் உலோகமும் குறையவில்லை.

எனவே முதன்முதலாகக் கட்டுபவருக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: முனைகளில் 2.0, நடுவில் 1.8 உள்ள எவர்சில்வர் கம்பி. டிடி ஸ்விஸ் நிறுவனத்தின் காம்பெட்டிஷன், சாபிம் நிறுவனத்தின் ரேஸ் இரண்டும் இந்த வகை. இரண்டில் எது கிடைத்தாலும் எடுங்கள், இதில் பெயருக்காக அலைய வேண்டாம். முழுத் தடிமன் கம்பியோடு ஒப்பிட்டால் 64 கம்பிக்கு 70 கிராம் அளவில் எடையும் குறையும், அது கூடுதல் வரவு.

நடுவில் 1.5 உள்ள மெல்லிய கம்பியும் நல்ல கம்பிதான். ஆனால் நிப்பிளைத் திருகும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். வேலை முடிந்ததாக நினைத்துச் சக்கரத்தை ஓட்டினால் முறுக்கு அவிழ்ந்து மறுபடி கோட்டம் விழும். ஒவ்வொரு கம்பியிலும் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு இழுத்து, கோடு சுற்றுகிறதா என்று பார்த்து, கால் திருகு கூட்டி அதே அளவு பின்வாங்கத் தெரிந்தவருக்கு அது சரிவரும். இரண்டாவது மூன்றாவது சக்கரத்தில், இறுக்கம் குறைவான பக்கத்துக்கு மட்டும் அதைப் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்ணிக்கையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கல் பாதைக்கு 32, மூன்று குறுக்கு. உடல் எடை குறைவு, பந்தயம்தான் நோக்கம் என்றால் 28.

நீளத்தில் விட்டால் நிப்பிளில் பிடிக்க முடியாது

ரிம்மின் பயனுறு விட்டத்தை விளம்பரத் தாளிலிருந்து எடுக்காதீர்கள், கையால் அளங்கள். ஒரே நீளத்துக்கு வெட்டிய இரண்டு பழைய கம்பிகளில் நீங்கள் போடப்போகும் அதே நிப்பிளை மாட்டுங்கள். நிப்பிள் தலையில் திருப்புளிக்காக வெட்டிய பள்ளம் இருக்கிறதல்லவா, கம்பியின் நுனி அந்தப் பள்ளத்தின் அடியைத் தொடும்வரை திருகுங்கள். ரிம்மில் எதிரெதிர்த் துளைகளில் கோத்து, இரண்டையும் இழுத்துப் பிடித்து, நடுவில் உள்ள இடைவெளியை அளந்து, கம்பிகளின் நீளத்தோடு கூட்டினால் விட்டம் கிடைக்கும். மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

ஒரு பின் சக்கரக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரிம் விட்டம் 602 மி.மீ. அதில் பாதி 301. ஹப்பின் பக்கத் தட்டில் எதிரெதிர்த் துளைகளுக்கு இடையே 58 மி.மீ., பாதி 29. நடுக்கோட்டிலிருந்து பல்சக்கரப் பக்கத் தட்டு 20 மி.மீ. தள்ளியும், பிரேக் தட்டுப் பக்கம் 34 மி.மீ. தள்ளியும் இருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு 16 கம்பி, மூன்று குறுக்கு என்றால் கோணம் 67.5 பாகை. 301-இன் வர்க்கம், 29-இன் வர்க்கம், 20-இன் வர்க்கம் மூன்றையும் கூட்டுங்கள். 2 × 301 × 29 என்பதை 67.5 பாகையின் கொசைனால், அதாவது 0.3827-ஆல், பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். வர்க்கமூலம் எடுத்தால் 291.8. ஹப் துளையின் ஆரம் 1.3-ஐக் கழித்தால் 290.5 வரும். மறுபக்கத்துக்கு 20-இன் இடத்தில் 34 போட்டால் 291.8. கடையில் 290-உம் 292-உம் கேளுங்கள்.

ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு மெனக்கெடுவது நிப்பிளின் கழுத்துக்காக. ரிம்மில் உட்காரும் தலைக்கும் சாவி பிடிக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள அந்தக் கழுத்துத்தான் பலவீனமான இடம். கம்பி தலைக்குள் வந்துவிட்டால் கழுத்துக்குள் எஃகு இருக்கிறது. குட்டையாகி உடலோடு நின்றுவிட்டால் முழுப் பாரத்தையும் வெறும் பித்தளையோ அலுமினியமோ சுமக்கிறது. அலுமினியம் அங்கேதான் துண்டாகும். 12 மி.மீ. நிப்பிளுக்குப் பதில் 16 மி.மீ. போட்டுக் குட்டைக் கம்பியை ஒப்பேற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு, அதைக் கேட்காதீர்கள். நீள நிப்பிள், துளை ஆழமாக உள்ள ரிம்மில் சாவிக்குப் பிடிப்புக் கிடைக்க வந்தது. தலைக்குள் கம்பி வரவேண்டும் என்ற விதி அதற்கும் மாறாது.

நிப்பிள்: பித்தளை போடுங்கள்

12 மி.மீ. பித்தளை நிப்பிள் ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம், அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து அலுமினியத்தால் மிச்சமாவது 40 கிராம் அளவுதான். அந்த 40 கிராமுக்காக அரை நாள் வேலையையும், சரிவின் நடுவில் சக்கரம் ஆடும் ஆபத்தையும் வாங்க வேண்டியதில்லை.

பல சீலன்ட்டுகள் ரப்பர் பாலால் ஆனவை. பால் உறையாமல் இருக்க அவற்றில் அம்மோனியா சேர்ப்பார்கள். ஈரமும் அம்மோனியாவும் அலுமினியத்தை அரிக்கும். கார்பன் ரிம் என்றால் இன்னும் மோசம்: கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் மின்கலம் போலாகி, அலுமினியம்தான் கரையும். கார்பன் ரிம்மில் அலுமினிய நிப்பிள் வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு.

பித்தளைக்கும் அம்மோனியா நண்பன் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகளில் விரிசல் விழுந்தது. தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் மழை ஈரமும், உறையைச் செய்யும்போதே உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து வேலையைக் காட்டின. பருவகால விரிசல் என்றே அதற்குப் பெயர் வந்தது. நம் நிப்பிளும் இறுக்கத்தில் இருக்கும் பித்தளைதான். நடைமுறையில் நல்ல பித்தளை நிப்பிள் பல ஆண்டு உழைக்கிறது, நான் அதைத்தான் போடுகிறேன். ஆனாலும் அம்மோனியா இல்லாத சீலன்ட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். டேப்பை எந்த இடுக்கும் இல்லாமல் ஒட்டுங்கள்.

இன்னொன்று. தலை ரிம்முக்குள்ளேயே மறைந்திருக்கும் உள்நிப்பிள் ரிம்களைப் பார்க்க அழகாக இருக்கும். அவற்றில் சின்னக் கோட்டம் எடுக்கக்கூட டேப்பை உரிக்க வேண்டும். முள் பாதையில் ஓட்டுகிறவருக்கு அது வேண்டாத தொல்லை.

நிப்பிளின் இருக்கையையும் பாருங்கள். ட்யூப்லெஸ் ரிம்கள் பலவற்றில் துளையைச் சுற்றி உலோகக் கண்ணி இருக்காது. பித்தளை நேரடியாக ரிம் சுவரில் உரசும். ரிம் செய்தவர்கள் வாஷர் போடச் சொல்லியிருந்தால் போடுங்கள். வாஷர் போடப்போகிறீர்கள் என்றால் விட்டம் அளக்கும்போதே வாஷரோடு அளக்க வேண்டும். நிப்பிளை ரிம்முக்குள் தவறவிட்டால் குலுக்கி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். உதிரிக் கம்பி ஒன்றில் நிப்பிளைத் தலைகீழாக இரண்டு திருகு ஏற்றிக்கொண்டு இறக்குங்கள், விழாது.

இறுக்குதல்

கோர்க்கும் வரிசையை முந்தைய அத்தியாயத்தில் படத்தோடு பார்த்தோம். கம்பியின் மரையில் ஆளிவிதை எண்ணெயைத் தொட்டுக்கொள்ளுங்கள். இப்போது வழுக்கும், பிறகு காய்ந்து பிசினாகி நிப்பிளைப் பிடித்துக்கொள்ளும். நிப்பிள் தலை உட்காரும் இடத்திலும் ஒரு சொட்டு.

எவ்வளவு இறுக்கலாம் என்பது ரிம்மைப் பொறுத்தது. அலுமினிய ரிம்களுக்கு 100 முதல் 120 கிலோ வரை உச்சமாகச் சொல்வது வழக்கம். உங்கள் ரிம்முக்கு அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் சட்டம். பின் சக்கரத்தில் பல்சக்கரப் பக்கம்தான் இறுக்கம் அதிகம். மேலே சொன்ன ஹப்பில் 20-க்கும் 34-க்கும் உள்ள விகிதம்தான் இரு பக்க இழுவைக்கும் உள்ள விகிதம்: வலது பக்கம் 115 கிலோ என்றால் இடது பக்கம் 68 கிலோதான் வரும். கம்பித் துளைகளை நடுவிலிருந்து 3 மி.மீ. தள்ளிப் போட்ட ரிம் எடுத்தால் 20, 34 என்பது 23, 31 ஆகிவிடும். இடது பக்கம் 85 கிலோ வரும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் தயங்காமல் அந்த ரிம்மை எடுங்கள். முன் சக்கரத்தில் இது தலைகீழ். டிஸ்க் பிரேக் இருக்கும் இடது பக்கம்தான் அதிகம் இறுகும், அதனால் ரிம்மைத் திருப்பிப் போட வேண்டும். மெல்லிய கம்பியைச் சோதிக்கத் தகுந்த பக்கம் எது என்றேனே, அது பின்னால் இடது, முன்னால் வலது.

இழுவைமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காது இருக்கிறது. ஒரே பக்கத்து, ஒரே வகைக் கம்பிகளை, குறுக்கிடும் இடத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் விரலால் மீட்டுங்கள். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது போலத்தான். ஒன்று தணிந்து ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. சக்கரம் நேராக ஓடுகிறது, ஆனால் சுருதி சேரவில்லை என்றால் வேலை முடியவில்லை. ஒரு கம்பி பாரத்தைச் சுமக்க, அடுத்தது சும்மா இருக்கிறது என்று பொருள்.

பிறகு இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து, கையுறை போட்டு, பலமாக அமுக்குங்கள். வளைவுகள் ஹப்பில் சரியாகப் படியும், கம்பியில் தங்கிய உள் இறுக்கமும் தணியும். கோட்டம் கொஞ்சம் வரும், எடுங்கள். மறுபடி அமுக்குங்கள். அமுக்கியும் கோட்டம் வராத நிலை வரும்வரை டேப்பைத் தொடாதீர்கள்.

டேப்பும் காற்றும்

ரிம்மின் உள் அகலத்தைவிட 3 முதல் 5 மி.மீ. கூடுதல் அகலமுள்ள ட்யூப்லெஸ் டேப் வாங்குங்கள். துளை விளிம்புகளில் பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். காற்றழுத்தத்தில் டேப்பைக் கிழிப்பது அந்தப் பிசிறுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள், பிறகு விரல் படக்கூடாது. வால்வுத் துளைக்கு ஒரு சாண் முன்னால் தொடங்கி, இழுத்து இழுத்து ஒட்டிச் சுற்றிவந்து, வால்வைத் தாண்டி ஒரு சாணில் முடியுங்கள். வால்வு இடத்தில் இரட்டை அடுக்காகும். வால்வுக்குக் கத்தியால் கீறாமல், சூடாக்கிய ஊசியால் துளையிடுங்கள். கீறல் நீளும், உருகிய துளை நீளாது.

உடனே சீலன்ட் ஊற்றாதீர்கள். ஒரு ட்யூபைப் போட்டு டயரை மாட்டி ஓர் இரவு காற்றோடு வையுங்கள், டேப் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். மறுநாள் ட்யூபை எடுத்து, வால்வு பொருத்தி, டயரின் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடியுங்கள். டக் டக் என்று ஓரங்கள் ஏறி உட்காரும் சத்தம் கேட்கும். ரிம்மிலும் டயரிலும் எழுதிய உச்ச அழுத்தங்களில் எது குறைவோ அதைத் தாண்ட வேண்டாம். 29 அங்குலச் சக்கரத்தில் 2.3 அங்குல டயருக்கு 100 மி.லி. சீலன்ட் போதும். நம் வெயிலில் அது சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

காற்று ஏறியதும் கம்பிகளைத் தட்டிப் பார்த்தால் சுருதி சற்று இறங்கியிருக்கும். பதற வேண்டாம். டயர் ரிம்மைச் சுற்றிலும் அழுத்துவதால் ரிம் மயிரிழை சுருங்கி, எல்லாக் கம்பியும் கொஞ்சம் தளர்கின்றன. இறுக்கமாக உட்காரும் ட்யூப்லெஸ் டயரில் இது கூடுதலாகவே இருக்கும். இதை ஈடுகட்ட முன்கூட்டியே உச்சத்தைத் தாண்டி இறுக்காதீர்கள். டயர் கழற்றும் நாளில் அந்த முழு இழுவையும் ரிம்மின் மேல் விழும், துளை ஓரத்தில் விரிசல் விடும். இடது பக்கம் 68 கிலோவில் நிற்கும் சக்கரத்துக்குத்தான் இந்தத் தளர்வு உறைக்கும். தள்ளித் துளையிட்ட ரிம்மை நான் வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரிம் விட்டம், இரு பக்கக் கம்பி நீளம், கம்பி வகை, நிப்பிள் வகை, இறுக்கிய அளவு, டேப் ஒட்டிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, சைக்கிளுக்கு உரியவரிடம் கொடுங்கள். ஊர் விட்டு ஊர் போன இடத்தில் கம்பி ஒடிந்தால், எதையும் பிரித்துப் பார்க்காமலே 290-ஆ 292-ஆ என்று அங்குள்ள கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.